நூறு துண்டுப் பெட்டியை விட நாலு நல்ல ஸ்பேனர் மேல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகைக் காலத் தள்ளுபடி விளம்பரங்களில், நூறு, நூற்றைம்பது துண்டுகள் கொண்ட கருவிப் பெட்டிகள் மலிவு விலைக்கு வருவதைக் கண்டு, புதிதாகக் கார் வாங்கியவர்கள் பலர் அதையே முதலில் வாங்கிவிடுகிறார்கள். அவற்றில் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுபவை பெரும்பாலும் சிறு ஸ்க்ரூ டிரைவர் முனைகளே. நம் ஊரில் ஓடும் சிறிய கார்களில் வீட்டில் செய்யக்கூடிய வேலைகளுக்கு 8, 10, 12, 14, 17 மி.மீ. ரிங் ஸ்பேனர்களும் (நட்டை வளையமாகச் சுற்றிப் பிடிப்பவை), ராட்செட்டுடன் (எடுத்து மாட்டாமல் முன்னும் பின்னும் அசைத்தே திருகும் கைப்பிடி) ஒரு சிறிய சாக்கெட் செட்டும் (நட்டின் மேல் மூடி உட்காரும் குழல்கள்), ஒரு கட்டிங் பிளேயரும், இரண்டு ஸ்க்ரூ டிரைவர்களும் இருந்தால் பெரும்பாலும் போதும். சக்கர நட்டு மட்டும் காருக்குக் கார் மாறும். மாருதியின் சிறிய கார்கள் பலவற்றில் 19 மி.மீ., ஹூண்டாய் கார்களில் 21 மி.மீ. என்பதால் அதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

தரம் எங்கே தெரியும் என்றால், பேட்டரி முனையில் இறுகிப்போன 10 மி.மீ. நட்டில் தெரியும். வாய் திறந்த ஸ்பேனர் நட்டின் இரு பக்கங்களை மட்டுமே பிடிக்கும்; இரும்பு மட்டமானதாக இருந்தால் அந்த வாய் சற்றே விரிந்து, நட்டின் முனைகளை மழுக்கிவிடும். அதன் பிறகு எந்த ஸ்பேனரும் அதில் உட்காராது. ரிங் ஸ்பேனர் ஆறு முனைகளையும் சேர்த்துப் பிடிப்பதால், குரோம் வனேடியம் எஃகில் செய்த நல்ல ரிங் ஸ்பேனருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீணாகாது. பேட்டரியில் மைனஸ் முனையைத்தான் முதலில் கழற்ற வேண்டும், கடைசியில்தான் மாட்ட வேண்டும். இல்லையென்றால் பிளஸ் முனையைத் திருகும்போது ஸ்பேனர் காரின் உடலில் பட்டுப் பெரும் தீப்பொறி கிளம்பும்.

ஸ்பேனருக்கும் முன்னால் வாங்க வேண்டியவை, தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் ஜாக் ஸ்டாண்டுகள் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். காருடன் வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டுமே உரியது. அதை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, தூக்காத பக்கத்துச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கையேட்டில் காட்டியுள்ள இடத்தில் ஸ்டாண்டை வைத்த பின்னரே கை உள்ளே போகலாம். இதை நம் விளம்பரங்கள் எதுவும் சொல்வதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

டயர் காற்றழுத்தமானி ஒன்றும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வோல்ட் அளவைக் காட்டும் மல்டிமீட்டர் ஒன்றும் அடுத்து வரலாம். இன்ஜினை அணைத்துச் சில மணி நேரம் கழித்து அளந்தால், முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வரை இருக்கும். ஓடும்போதும் 12-ஐத் தாண்டவில்லை என்றால், புது பேட்டரிக்குப் பணம் கொடுப்பதற்கு முன், இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைச் சோதிக்கச் சொல்லலாம். பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் ஆகியவற்றை மெக்கானிக்கிடமே விட்டுவிடுவது நல்லது.

தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் புதிய கார்களின் மைலேஜையும் விலையையும் வெளியிடுவதுடன், அதிகம் விற்கும் கார்களின் சக்கர நட்டு, பேட்டரி முனை, ஆயில் வடிகால் போல்ட் ஆகியவற்றின் அளவுகளையும் ஜாக்கி வைக்கும் இடங்களையும் படத்துடன் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி