உன் ஒரு வரிக் கேள்விக்கு

அன்புள்ள மகளுக்கு,

"வெப்பத்தை உறிஞ்சுற வினை எப்படிப்பா தானா நடக்கும்?" இத்தனை நாள் கழித்து இந்த ஒரு வரிதான். எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்டதற்குப் பதிலே இல்லை. அண்ணன் ஏதோ சொன்னான். அதை நான் கேட்கப்போவதில்லை. ராத்திரி தூங்குகிறாயா, அது போதும்.

கேள்வி நல்ல கேள்வி. வெப்பம் வெளியேறும் திசையில்தான் வினை தானாக நடக்கும் என்று 19-ஆம் நூற்றாண்டில் பெர்த்தலோ, தாம்சன் மாதிரியான பெரிய வேதியியலாளர்களே நம்பினார்கள்.

80 கிராம் அம்மோனியம் நைட்ரேட்டை, அதாவது ஒரு மோலை, நிறையத் தண்ணீரில் போடு. சுமார் 25.7 கிலோஜூல் வெப்பத்தை இழுத்துக்கொண்டு கரையும். பீக்கர் சில்லிட்டுப்போகும். வெப்பத்தைப் பறிகொடுத்த சுற்றுப்புறத்தின் என்ட்ரோபி, அதாவது ஆற்றலும் துகள்களும் எவ்வளவு சிதறிப் பரவியிருக்கின்றன என்பதன் அளவு, குறைகிறது. எவ்வளவு? 25,700 ஜூலை அறை வெப்பநிலையான 298 கெல்வினால் வகு, கெல்வினுக்கு 86 ஜூல் வரும். ஆனால் படிகத்தில் அடைபட்டிருந்த அயனிகள் தண்ணீரில் பரவுவதால் கரைசல் பக்கம் கிட்டத்தட்ட 108 கூடுகிறது. ஆக, மொத்தத்தில் 22 லாபம். இரண்டு பக்கத்தையும் கூட்டி மொத்த என்ட்ரோபி ஏறினால் வினை தானாக நடக்கும், அதனால்தான் கரைகிறது. நீ சுற்றுப்புறத்தின் நஷ்டத்தை மட்டும் பார்த்திருக்கிறாய். அவசரம் உனக்கு, எப்போதும்.

அந்த வகுத்தலை விட்டுவிடாதே, விஷயமே அதில்தான். பனிக்கட்டி ஒரு மோல் உருக 6,000 ஜூல் வேண்டும், என்ட்ரோபி 22 கூடும். அதே எண்களைத் தோராயமாக வைத்துக்கொண்டு 263 கெல்வினால் (−10°C) வகுத்தால் நஷ்டம் 22.8, உருகாது. 283-ஆல் (10°C) வகுத்தால் 21.2, உருகிவிடும். எடுக்கும் வெப்பம் அதேதான். குளிரில் எடுத்தால் சுற்றுப்புறத்துக்கு வலி அதிகம். அமெரிக்க விஞ்ஞானி கிப்ஸ் 1870-களில் எழுதியதன் சாரம் இதுதான். என் மாணவர்களில் பாதிப்பேர் அவர் சூத்திரத்தை ஒப்பிப்பார்களே தவிர, ஏன் என்று கேட்டதில்லை. நீ கேட்கிறாய். அதை அப்பாவிடம் நேரில் கேட்டால் என்னவாம்?

வகுப்பில் செய்து காட்டத்தான் கேட்கிறாய் என்றால், பேரியம் ஹைட்ராக்சைடு ஆக்டாஹைட்ரேட்டும் அம்மோனியம் குளோரைடும் எடு. இரண்டு திடப்பொருளையும் கலக்கினாலே கூழாகி, அம்மோனியா வாயு கிளம்பும். திடத்திலிருந்து நீரும் வாயுவும் வருவதால் என்ட்ரோபி எகிறும். அடியில் ஈரப்பலகை வைத்தால் பீக்கர் உறைந்து ஒட்டிக்கொள்ளும், தூக்கினால் பலகையும் சேர்ந்து வரும். பேரியம் விஷம், கையுறை இல்லாமல் தொடாதே. புகைபோக்கிக்கு அடியில் வைத்துச் செய். முந்தின நாள் கண்விழித்துவிட்டு அதைத் தொடவே தொடாதே. தூங்கு.

வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு.

அப்பா