மன்னவனூரில் விளக்கணைத்தவர்களுக்கு நன்றி

மன்னவனூர் மக்களுக்கும் பூம்பாறையிலிருந்து கூட வந்த சொந்தங்களுக்கும் வணக்கம்.

தை அமாவாசை கழிந்து பத்து நாளாகிவிட்டது. நட்சத்திரம் பார்க்க நீங்கள் விளக்கணைத்த அன்று இரவே சொல்லியிருக்க வேண்டிய நன்றி இது. அப்போது எனக்குப் பேச்சு வரவில்லை.

அப்பா ஐப்பசியில் தவறினார். அதற்கப்புறம் தூக்கம் போனது. அவர் படுத்திருந்த கட்டிலும், அவர் கையால் முடிந்து தொங்கவிட்ட மலைப்பூண்டும் கண்ணை விட்டு அகலவில்லை. ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா மட்டும், "உங்க அப்பா என்ன நட்சத்திரம்மா?" என்று கேட்டார். திருவாதிரை என்றேன். "அதைப் பார்த்திருக்கியா?"

பார்த்ததில்லை. குழந்தை வேலப்பர் கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டும்போதெல்லாம் அப்பா பேரோடு சேர்த்துச் சொன்னதுதான். மார்கழியில் அதன் பேரால் களி கிண்டியதுதான். அது வானத்தில் எங்கே இருக்கிறது என்று முப்பது வருஷத்தில் ஒரு நாளும் அண்ணாந்து பார்க்கவில்லை. அந்த ஒரு கேள்விக்காக ஐயாவுக்கு முதல் நன்றி.

நிலா இல்லாத இரவு வேண்டும் என்பதால் அமாவாசையைக் குறித்தோம். காலையில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு, சாயங்காலம் ஜீப் ஏறினோம். வாடகை வேண்டாம் என்று மறுத்த ஜீப் தம்பி, டீசலுக்காவது வாங்கியிருக்கலாம். புல்வெளியை ஒட்டிய விடுதியில் ஃபோகஸ் லைட்டுகள் எரிந்தன. தயங்கித்தான் போய்க் கேட்டேன். விருந்தினர்களிடம் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் அணைத்ததோடு, அவர்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார் விடுதிக்காரர். தெருவில் இருந்த வீடுகளும் ஒவ்வொன்றாக இருண்டன. சுக்குக் காப்பி போட்டுத் தந்த அக்காவை மறக்க மாட்டேன்.

ஒன்பதரை வரை மூடுபனி. கலைந்துவிடலாம் என்று நான்கூடச் சொன்னேன். அப்புறம் காற்று திரும்பியது. திரை விலகுவது போல் மேற்கிலிருந்து கிழக்காக வானம் திறந்தது. அத்தனை பேரும் சத்தமில்லாமல் நின்றோம்.

கொடைக்கானல் மலை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் இருக்கிறது. அதனால் திருவாதிரை நமக்குக் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேர் மேலே வரும் என்றார் ஐயா. புல்லில் மல்லாந்து படுத்தோம். உறைபனி இறங்கத் தொடங்கியிருந்தது. முதுகுக்குக் கீழே புல் மொறுமொறு என்றிருந்தது. அவர் காட்டிய இடத்தில், அடுப்பில் அணையப் போகும் கங்கு மாதிரி, சிவப்பாக ஒன்று. ஆங்கிலத்தில் பெடல்ஜூஸ் என்பார்களாம். சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் பூமி, செவ்வாய் எல்லாம் அதன் வயிற்றுக்குள் போய்விடும். அன்று என் கண்ணில் விழுந்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பி 500 ஆண்டுகளுக்கும் மேலாகிறது. அவ்வளவு பெரியதற்கும் ஆயுள் உண்டு. நம் சூரியனின் வயது 460 கோடி ஆண்டுகள். திருவாதிரைக்கு ஒரு கோடி ஆண்டு அளவுதான், ஆனாலும் முடிவை நெருங்கிவிட்டது. ஒரு நாள் வெடித்துச் சிதறும்.

அதைக் கேட்டதும் அழுதேன். பக்கத்தில் படுத்திருந்த சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டார், ஒன்றும் கேட்கவில்லை. அதற்கும் நன்றி.

அப்புறம் ஐயா தொலைநோக்கியை, வேட்டைக்காரன் (ஓரியன்) என்ற நட்சத்திரக் கூட்டத்தின் வாள் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் ஒரு புகைத் திட்டு. அதற்குள் புதிய நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன என்றார். திருவாதிரை இருக்கும் அதே கூட்டத்தில், கையை நீட்டினால் ஒரு சாண் தூரம்கூட இல்லை. நம் பால்வீதியில் மட்டும் 10,000 கோடிக்கும் மேல் நட்சத்திரங்களாம். அந்தக் கணக்கைக் கேட்டுப் பயம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சின்ன வயதில் சந்தைக் கூட்டத்தில் அப்பா தோளில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த மாதிரி இருந்தது. இவ்வளவு பெரிய இடத்தில் நான் எதையும் தாங்கிப் பிடிக்க வேண்டியதில்லை என்று தோன்றியது. மார்பில் இருந்த பாரம் எப்போது இறங்கியது என்று தெரியவில்லை.

வீடு வந்து சேர இரண்டு மணி ஆனது. விடியும் வரை தூங்கினேன், மூன்று மாதத்தில் முதல் தடவையாக.

மறுநாள் ஆய்வகத்துப் பழைய கதைகளைச் சொன்ன ஐயா, 1904 முதல் அங்கே சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள் என்றார். மேகம் மூடிய நாளிலும் ஒருவர் கருவிக்குப் பக்கத்தில் காத்திருப்பாராம். அந்த முகம் தெரியாத மனிதர்களுக்கும் என் நன்றி.

இன்னொன்று. காவி நிறத்தில் கறுப்புக் கரை போட்ட கம்பளி ஒன்று எங்கள் ஜீப்பிலேயே வந்துவிட்டது. நடுங்கிக்கொண்டிருந்த என் மேல் இருட்டில் யாரோ போர்த்தியது. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். யாருடையது என்று சொன்னால் நானே கொண்டு வந்து தருகிறேன்.