வீட்டு உறுதியையும் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வருடாந்த இடமாற்றப் பட்டியல் வெளியாகும் காலம் வந்துவிட்டால் மட்டக்களப்பு நகரில் வாடகை வீடு தேடுவோரின் தொகை கூடிவிடும். போதனா வைத்தியசாலைக்கு வரும் வைத்தியர்களும் தாதியரும், கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு வரும் விரிவுரையாளர்களும், வங்கி உத்தியோகத்தர்களும், என்னைப் போன்ற ஆசிரியர்களும் அரசடி, தாண்டவன்வெளி, கல்லடி, ஊறணி என்று அதே தெருக்களைத்தான் சுற்றி வருகிறோம். கல்முனையிலிருந்து இடமாற்றம் பெற்று வந்த நான் இந்நகரில் இப்போது மூன்றாவது வாடகை வீட்டில் இருக்கிறேன். குடியிருக்க வருபவரை வீட்டுக்காரர் துருவித் துருவி விசாரிக்கிறார். வீட்டுக்காரரைக் குடியிருக்க வருபவர் விசாரிப்பதே இல்லை. அப்படி விசாரிக்க நினைப்பதற்கு முன்பே தரகுக் காசும் கைமாறிவிடுகிறது. இதைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

எங்களிடம் கேட்கப்படாத கேள்வி இல்லை. எந்த ஊர், யாருடைய பிள்ளை, கணவருக்கு எங்கே வேலை, வீட்டில் மாமிசம் சமைப்பீர்களா, விருந்தினர் வந்து தங்குவார்களா என்பதில் தொடங்கி, அடையாள அட்டையின் பிரதி, சம்பளப் பட்டியல், பழைய வீட்டுக்காரரின் தொலைபேசி இலக்கம் வரை கேட்கிறார்கள். கொடுக்கிறோம். அவர்களுடைய சொத்து, அவர்கள் கேட்பது நியாயம். ஆனால் அதே மேசையில் இருந்துகொண்டு, வீட்டின் உரிமைப் பத்திரமான உறுதியைப் பற்றி, "உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது?" என்று நாம் கேட்டால் முகம் மாறிவிடுகிறது. "என்ன டீச்சர், நாங்க எங்கயும் ஓடியா போகப்போறம்?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அவர் ஓடவில்லைதான், ஐந்தாவது மாதத்தில் பெட்டி படுக்கையோடு வெளியே போனது நாங்கள்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லடிப் பக்கம் ஒரு மேல்மாடி வீடு. மாத வாடகை 30,000 ரூபா, ஆறு மாத முற்பணம் 180,000 ரூபா. அம்முற்பணத்திலிருந்து மாதம் 15,000 ரூபா வீதம் கழிப்பதென்றும் மீதி 15,000 ரூபாவை மாதந்தோறும் கையில் கொடுப்பதென்றும் பேச்சு. தரகருக்கு ஒரு மாத வாடகை. வீட்டைக் காட்டியவரும் காசை எண்ணி வாங்கியவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரும் ஒருவரே என்பதால் அவரே உரிமையாளர் என்று நம்பிவிட்டோம். உண்மையில் வீடு அவருடைய தங்கைக்குச் சீதனமாக எழுதப்பட்டது. தங்கை சுவிற்சர்லாந்தில் இருந்தார். வீடு வாடகைக்கு விடப்பட்டதே அவருக்குத் தெரியாது. அவர் குடும்பத்துடன் வந்து நின்றபோது அவரோடு வாதிட எங்களிடம் ஒரு நியாயமும் இருக்கவில்லை. வீடு அவருடையது, எங்கள் ஒப்பந்தத்தில் இருந்தது அவருடைய கையெழுத்து அல்ல. கழிந்தது போக எங்களுக்கு வரவேண்டிய 105,000 ரூபாவைப் பெறுவதற்கு மத்தியஸ்த சபைக்கு நாலு தடவை நடந்தோம். தவணை முறையில் கிடைத்தது. தரகுக் காசு மட்டும் கிடைக்கவேயில்லை. "வீடு காட்டினது நான், உறுதி பார்க்கிறது என்ட வேலையா?" என்று தரகர் கேட்ட கேள்வி இன்னமும் என் காதில் இருக்கிறது.

இது ஒரு தனிமனிதரின் ஏமாற்று வேலை என்று மட்டும் நான் இதைப் பார்க்கவில்லை. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும், தமிழர் முஸ்லிம்கள் என்ற வேறுபாடின்றி, வீடு பெண் பிள்ளைக்குத்தான் போகிறது. தாய் தன் வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுப்பதும், மருமகன் அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பதும், பெற்றோர் அதே வளவில் வேறொரு சிறிய வீட்டுக்கு ஒதுங்கிக்கொள்வதும் எங்கள் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நடப்பவை. ஆகவே இங்கே வீட்டைக் காட்டும் ஆண், அவர் தகப்பனாக இருந்தாலும் அண்ணனாக இருந்தாலும் கணவராக இருந்தாலும், பெரும்பாலும் உறுதிக்காரர் அல்லர். மகளின் பெயருக்கு எழுதும்போது தாய் தனக்கென்று சீவிய உரித்தை, அதாவது உயிருள்ளவரை அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொண்டிருந்தால் தாய், மகள் இருவரும் கையெழுத்திடுவதே பாதுகாப்பு. வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளருக்காக வேறொருவர் கையெழுத்திடுவதாயின் அதற்குரிய அற்றோர்னித் தத்துவப் பத்திரத்தை, அதாவது அவர் சார்பில் செயற்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தை, கேட்டு, வாடகைக்கு விடும் அதிகாரம் அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று வாசித்துப் பார்க்க வேண்டும். இன்னொன்றையும் கேட்கத் தயங்கக் கூடாது: வீட்டில் கலியாணம் பேசும் வயதில் பெண் பிள்ளை இருக்கிறாரா? கேட்பதற்குச் சங்கடமான கேள்விதான். ஆனால் கலியாணம் முற்றாகிவிட்டால் அந்த வீடு அவருக்கு. நாம் எழும்பத்தான் வேண்டும். இரண்டு வருடத்துக்கென்று நம்பிப் போய் எட்டு மாதத்தில் எழும்பியவர்கள் என் பாடசாலையிலேயே இருக்கிறார்கள்.

உறுதியின் பிரதியைப் பார்த்தால் மட்டும் போதாது. அதன் பின்னர் அந்தக் காணி விற்கப்பட்டதா, ஈடு வைக்கப்பட்டதா என்பதை மட்டக்களப்புக் காணிப் பதிவகத்தில் பதிவேட்டுப் பிரதியை எடுத்தால் அறியலாம். உள்ளூராட்சி மன்றத்துக்குக் கட்டும் சோலைவரியின் பற்றுச்சீட்டும் மின்பட்டியலும் உரிமையை நிரூபிக்கும் பத்திரங்கள் அல்ல. ஆயினும் அவற்றில் உள்ள பெயரும் உறுதியில் உள்ள பெயரும் வேறுபட்டால் ஏன் என்று கேட்க அவை உதவும். முன்பு இருந்தவர் விட்டுப்போன மின்கட்டண நிலுவை நம் தலையில் விழாமல் தப்பவும் உதவும். அம்பாறை மாவட்டத்தில் வீடு எடுப்பவர்கள் இன்னுமொரு படி கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்ட காணிகள், மக்கள் பேச்சில் 'பேமிட் காணி', அங்கே நிறைய உண்டு. அப்படிப்பட்ட காணியில் உள்ள வீட்டைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் குத்தகைக்கு எழுதி வாங்கினால் அந்த எழுத்தை நம்பிப் பயனில்லை.

எழுத்து என்று வரும்போது நம்மில் பலர் செய்யும் பெரிய தவறு ஒன்று உண்டு. கணினியில் தட்டச்சு செய்த ஒரு தாளில் இருவரும் கையெழுத்திட்டு, அதைச் சமாதான நீதவான் ஒருவரிடம் கொண்டுபோய் முத்திரை வாங்கிவிட்டால் இரண்டு வருடக் குத்தகை உறுதியாகிவிட்டதென்று நினைக்கிறோம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்தும் அதிகாரம் பெற்ற பிரசித்த நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்பட்டால்தான் செல்லும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நாம் இருப்பது மாதத்துக்கு மாதம் இருக்கும் வாடகைக்காரராகத்தான். நொத்தாரிசுக்கான செலவைப் பார்த்துப் பின்வாங்குபவர்கள், தரகருக்கு ஒரு மாத வாடகையை மறுபேச்சில்லாமல் கொடுப்பது எனக்கு விளங்காத புதிர்.

தரகு விடயத்தில் தரகர்கள் பக்கமும் நியாயம் உண்டு. வெயிலில் மோட்டார் சைக்கிளில் பத்து வீடு காட்டிய பிறகு, அவருக்குத் தெரியாமல் வீட்டுக்காரரிடம் நேரே போய்ப் பேசி முடிப்பவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். அந்தப் பயத்தில்தான் அவர்கள் காசை முன்கூட்டியே கேட்கிறார்கள். அதற்காக, கேட்டதைக் கேட்ட இடத்திலேயே கொடுத்துவிட வேண்டும் என்றில்லை. மூன்றாவது வீட்டைத் தேடியபோது நான், வீடு பார்க்கப் போவதற்கு முன்பே பேச்சைத் தொடங்கினேன். வீட்டுக்காரரிடமும் தரகு வாங்குகிறீர்களா என்று முதலில் கேட்டேன். கொஞ்சம் இழுத்தாலும் ஆம் என்றார். இரு பக்கமும் வாங்குபவருக்கு என் பக்கத்தில் அரை மாத வாடகை போதும் என்றேன். 28,000 ரூபா கேட்டவர் 14,000 ரூபாவுக்குச் சம்மதித்தார். அதையும் நொத்தாரிசின் முன் உரிமையாளர் கையெழுத்திட்டுத் திறப்பைத் தந்த அன்றே கொடுப்பதென்றும், கையெழுத்திடுபவர் உறுதிக்காரர் அல்ல என்று பின்னர் தெரியவந்தால் திருப்பித் தருவதென்றும், அடுத்த வருடம் குத்தகையைப் புதுப்பிக்கும்போது மீண்டும் தரகு இல்லையென்றும் பேசிக்கொண்டோம். அவரைத் தவிர்த்து நேரே போய்ப் பேசமாட்டேன் என்று நானும் வாக்குக் கொடுத்தேன். எல்லாவற்றையும் அன்றிரவே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, அவரிடமிருந்து "சரி" என்று ஒரு பதிலை வாங்கி வைத்துக்கொண்டேன். வீடு பார்க்கப் போன ஓட்டோக் காசை நான் கொடுத்தேன்; அதில் பேரம் பேசவில்லை. அவர் கோபிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இப்போதும் சந்தையில் கண்டால் நின்று பேசுகிறார்.

முற்பணத்தைப் பற்றிப் பேசினால், "இருந்தால் எழும்பமாட்டார்கள், வழக்குப் போட்டால் வருடக் கணக்கில் இழுபடும்" என்பதே வீட்டுக்காரர்கள் எப்போதும் சொல்லும் காரணம். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தைக் காட்டிப் பல ஆண்டுகள் எழும்ப மறுத்த பழைய வாடகைக்காரர்களின் கதைகள் எங்கள் ஊரிலும் உண்டு. ஆகவே அந்தப் பயத்தை நான் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் குத்தகைக்குக் கொடுத்த கட்டடத்தின் உடைமையை மீளப்பெறுவதற்கென்றே 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. முறையாக எழுதப்பட்ட குத்தகையின் காலம் முடிந்தும் எழும்ப மறுப்பவரை, நீண்ட வழக்காக இழுக்காத சுருக்க நடவடிக்கை முறையில் வெளியேற்ற மாவட்ட நீதிமன்றத்தை நாட அது வழி செய்கிறது. சட்டம் அவர்கள் பக்கம் நின்று கைகொடுக்கும்போது ஒரு வருட வாடகையை மொத்தமாக முன்கூட்டியே கேட்பதற்குப் பழைய பயம் இனியும் போதிய காரணமாகாது. நொத்தாரிசு முன்னிலையில் எழுதிக்கொள்வது இரு பக்கத்துக்கும் நல்லது என்று சொல்லி, நான் மூன்று மாத முற்பணத்துடன் பேசி முடித்தேன்.

வீட்டைப் பார்ப்பது பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை; எல்லோரும் ஏதோ பார்க்கத்தான் செய்கிறார்கள். வாவியோரத்து வீடாயின் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். 2011 ஜனவரி வெள்ளத்தில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு வந்தது என்பதை வீட்டுக்காரரிடம் கேளாமல் அயல் வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். வீட்டுக்காரர் முற்பணத்தைத் திருப்பிக் கொடுப்பவரா என்பதற்கும் அதே அம்மாதான் சரியான சாட்சி. முன்பு குடியிருந்தவரின் இலக்கம் கிடைத்தால் இன்னும் நல்லது. அவர்கள் நம் பழைய வீட்டுக்காரரின் இலக்கத்தைக் கேட்கும்போது நாம் அவர்களுடைய பழைய வாடகைக்காரரின் இலக்கத்தைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

தங்கள் பத்திரிகை வாயிலாக மட்டக்களப்புச் சட்டத்தரணிகளிடம் ஒரு வேண்டுகோளை வைக்க விரும்புகிறேன். சாதாரண மக்கள் வாசித்து விளங்கக்கூடிய தமிழில், இரண்டு பக்கத்துக்கு மேற்படாத ஒரு மாதிரிக் குத்தகை உறுதியைத் தயாரித்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க முடியுமா? உறுதிக்காரரின் பெயர், சீவிய உரித்து யாருக்கு, முற்பணம் எவ்வளவு, அது மாதம் எவ்வளவு கழியும், எழும்பச் சொல்வதானால் எத்தனை மாத அறிவித்தல், தரகு யாருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது ஆகியவற்றுக்கு அதில் இடம் விட்டிருந்தால் போதுமானது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்ட உறுதிகளில், என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாமலே கையெழுத்திட்டவர்களை நான் அறிவேன். அடுத்த இடமாற்றப் பட்டியல் வருவதற்கு முன் இதைச் செய்ய முடிந்தால் நல்லது.

இப்படிக்கு,
வாடகை வீட்டில் வசிக்கும் ஆசிரியை ஒருவர்,
மட்டக்களப்பு.