டெல்லி போய் வந்த எங்கள் பிள்ளைகள் சார்பில்

அண்ணன், அக்கா, பாய், சார் எல்லாருக்கும் வணக்கம்.

வடசென்னையில் வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கத்துப் பிள்ளைகள் 22 பேர் விமானத்தில் டெல்லி போய், காது கேளாதோருக்கான போட்டியில் ஓடி, பந்தாடி, பத்திரமாக வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள். மெடல் கணக்கைத் தெருமுனையில் பேனர் வைத்தே சொல்லியாகிவிட்டது. பேனரில் பெயர் வராதவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் மண்ணடி டிராவல்ஸ் பாய். உம்ராவுக்குக் கூட்டம் கூட்டமாக ஆள் அனுப்பிப் பழகியவர். பொதுத்தேர்வு முடிந்த மறுநாளே கிளம்ப வேண்டும், ரயிலில் போனால் ஒன்றரை நாள் ஆகும் என்று அவர் கடையில் போய் உட்கார்ந்தோம். பத்துப் பேருக்கு மேல் இருந்தால் குரூப் புக்கிங், முன்பணம் கட்டி சீட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு பெயர்ப் பட்டியலை அப்புறம் கொடுக்கலாம் என்பதே அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். நன்கொடை கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்த நேரத்தில் அந்த அவகாசம் பெரிய உதவி. நம் பிள்ளைகளுக்கு இனிஷியல்தானே, சர்நேம் ஏது? ஒவ்வொரு ஆதாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அப்பா பெயரை விரித்து எழுதி, எழுத்து பிசகாமல் பட்டியல் போட்டுக் கொடுத்தார்.

ஒவ்வொரு பெயருக்கும், காது கேளாதவர் என்று காட்டும் 'டெஃப்' என்ற குறியீட்டை டிக்கெட்டில் ஏற்றச் சொல்லி விடாமல் நின்றவரும் அவர்தான். மாற்றுத்திறனாளிப் பயணி தன் தேவையை 48 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதி இருக்கிறது. சொல்வதற்கு விமான நிறுவனம் கொடுத்ததோ ஒரு ஃபோன் நம்பர். காது கேளாதவருக்கு வசதி கேட்க, காதில் ஃபோனை வைத்துக்கொண்டு 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' கேட்டு நின்ற கூத்தை எங்கே போய்ச் சொல்ல! பாய் ஃபோனிலும் சொல்லி, மெயிலும் போட்டு, பதில் வரும்வரை விடவில்லை.

ஜன்னல் சீட்டாகப் பார்த்துப் பிடிக்கிறேன் என்றுதான் முதலில் சொன்னார். பெண் பிள்ளைகள் வேண்டாம் என்று கையசைத்து, நடைவழி ஓரத்து சீட்டைக் காட்டினார்கள். இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி உட்கார்ந்தால்தான் கை தெரியும், பேச முடியும். பாய் உடனே பட்டியலை மாற்றினார்.

குரூப் டிக்கெட்டில் இருந்தது அவர் நம்பர். விமானம் தாமதம், கேட் மாற்றம் என்று எது வந்தாலும் நடுராத்திரியானாலும் வாட்ஸ்அப்பில் போட்டார். எனக்குத் தனியாக அனுப்பவில்லை, பிள்ளைகளும் இருக்கிற குரூப்பில் போட்டார். இதை நான் பெரிதாகச் சொல்லக் காரணம் உண்டு. வழக்கமாக எல்லாரும் காது கேட்கிற ஆள் யார் என்று தேடி, அவரிடம் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த ஆள் டீ குடிக்கப் போயிருந்தால் இருபது பேருக்கும் ஒன்றும் தெரியாது.

கொருக்குப்பேட்டை வேன் அண்ணனுக்கு நன்றி. விம்கோ நகரிலிருந்து ஏர்போர்ட்டுக்கு நேராக மெட்ரோ இருக்கிறது, ஆனால் முதல் ரயில் கிளம்பும் முன்பே நாங்கள் அங்கே நிற்க வேண்டியிருந்தது. கண்ணாடியில் வெளிச்சம் அடித்தாலும் வழி முழுக்க உள்விளக்கை அணைக்கவில்லை அவர். "லைட்டு இல்லாம புள்ளைங்க எப்படிப் பேசும்?" என்றார். அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சின்ன வயதிலேயே காக்ளியர் இம்ப்ளான்ட் (ஆபரேஷன் செய்து பொருத்தும் கேட்கும் கருவி, ஒரு பாகம் தலைக்கு வெளியே இருக்கும்) வைத்த இரண்டு பேர் எங்கள் அணியில் உண்டு. தலையில் இருப்பதைக் கழற்றச் சொல்லாமல், கையால் சோதித்து அனுப்பிய ஏர்போர்ட் பாதுகாப்புப் படை (சிஐஎஸ்எஃப்) பெண் காவலருக்கு வணக்கம். இப்போது நிறைய ஏர்போர்ட்டில் ஒலிபெருக்கியைக் குறைத்துவிட்டார்கள், எல்லாரும் பலகையைத்தான் பார்க்க வேண்டும். அங்கே எங்கள் பிள்ளைகள்தான் மற்றவர்களை விட உஷார்.

திரும்பி வரும்போது ஒரு கூத்து. பெயர் சொல்ல வேண்டாம், விமான நிறுவனம் எங்களுக்காகச் சக்கர நாற்காலிகளை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தது. மாற்றுத்திறனாளி என்றாலே அதுதான் அவர்களுக்குத் தெரிகிறது. நூறு மீட்டர் ஓடி ஜெயித்த பிள்ளை என்னைப் பார்க்கிறாள், நான் நாற்காலியைப் பார்க்கிறேன். கோல் கீப்பர் மட்டும் ஜாலியாக ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டான். அங்கே வேலை செய்த ஒரு சின்னப் பெண் விஷயத்தைப் புரிந்துகொண்டு அவற்றைத் திருப்பி அனுப்பினாள். பிறகு அட்டையில் கேட் நம்பரையும் நேரத்தையும் கொட்டை எழுத்தில் எழுதி, பிள்ளைகள் முன்னால் தூக்கிக் காட்டினாள். நன்றிம்மா.

அதே விமானத்தின் பணிப்பெண், பாதுகாப்பு விளக்கத்தை எங்கள் வரிசைகளுக்கு வந்து தனியாகச் செய்து காட்டினார். சென்னைக்கு மேலே விமானம் சுற்றிக்கொண்டே இருந்தபோது கேப்டன் ஏதோ சொன்னார். அந்த அக்கா அதை ஃபோனில் தட்டி முதல் வரிசைக்குக் காட்ட, கைக்குக் கை தாவி நொடியில் கடைசி வரிசை போய்விட்டது. கேப்டனின் இங்கிலீஷ் புரியாத ஒரு பெரியவர் எங்கள் பையனிடம் ஜாடையில் கேட்டு விஷயத்தைத் தெரிந்துகொண்டார்!

இன்னும் பலர் இருக்கிறார்கள். லீவு போட்டு உடன் வந்த சைகைமொழி டீச்சர் அக்கா, மீன் ஏலம் முடிந்த கையோடு காசு திரட்டிக் கொடுத்த காசிமேடு அக்காக்கள், விமானத்தில் ஏற்ற முடியாமல் விட்டுப் போன ஈட்டிக்குப் பதில் பயிற்சிக்கு ஈட்டி இரவல் வாங்கித் தந்த டெல்லி கரோல் பாக் தமிழ் அண்ணன். 2022இல் பிரேசிலில் நடந்த டெஃப்லிம்பிக்ஸில் (காது கேளாதோருக்கான ஒலிம்பிக்ஸ்) மதுரை பேட்மிண்டன் வீராங்கனை ஜெர்லின் அனிகா மூன்று தங்கம் வாங்கியதைக் காட்டித்தான் பெண் பிள்ளைகளின் அம்மாக்களைச் சம்மதிக்க வைத்தோம். நம்பி அனுப்பிய அந்த அம்மாக்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

மீதிப் பணத்தில் ஸ்பைக் ஷூவும் ஹியரிங் எய்ட் பேட்டரியும் வாங்குகிறோம். கணக்கு நோட்டும் ரசீதும் மைதானத்து டீக்கடையில் இருக்கிறது, கொடுத்தவர்கள் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். வேறு அணி யாராவது போவதாக இருந்தால், பாய் எழுதிய மெயிலின் நகலும் அதே நோட்டுக்குள் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
அணி மேலாளர்