மலை ஏறும் வண்டிக்குக் கூரை மேல் பார் லைட் மாட்டாதீர்கள்: சேலத்துக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலத்தில் வண்டிகளுக்கு லைட் மாட்டிக் கொடுக்கும் கடைக்கார அண்ணன்மார்களுக்கும், அங்கே வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் தம்பிகளுக்கும் வணக்கம்.

நான் நாகலூர் பக்கம். பத்தொன்பது வருடமாக ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு பிக்கப் ஓட்டுகிறேன். காய்கறி, மிளகு, காபி, சீசன் வந்தால் ஆரஞ்சும் பலாவும். விடிவதற்குள் லீ பஜாரில் சரக்கு இறங்க வேண்டும் என்பதால் இரண்டு, மூன்று மணிக்கே மலையை விட்டு இறங்கிவிடுவோம். ஹாரனிலிருந்து சீட் கவர் வரை உங்கள் கடைகளில்தான் வாங்கியிருக்கிறேன். நேரில் பார்த்தால் உங்களில் பாதிப் பேருக்கு என்னை அடையாளம் தெரியும். பகை எதுவும் கிடையாது. ஆனால் போன கார்த்திகையில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அன்றைக்கு மூன்றரை மணி இருக்கும். நல்ல லோடு. பக்கத்தில் என் அக்கா மகன் உட்கார்ந்திருந்தான். பாதி மலை இறங்கியதும் பனிமூட்டம் கவிந்துவிட்டது. இரண்டாவது கியரில், ரோட்டோர வெள்ளைக்கோட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். வளைவில் ஹாரன் அடித்துத் திரும்பினேன். எதிரே ஏறி வந்த வண்டியின் கூரை மேல் மாட்டியிருந்த பார் லைட்டிலிருந்து, அதுதான் வரிசையாக எல்.இ.டி. வைத்த அந்த நீளமான லைட், ஒரு வெளிச்சம் முகத்தில் அறைந்தது. அதற்குப் பிறகு எனக்குக் கோடு தெரியவில்லை, வளைவில் வைத்திருக்கும் கண்ணாடி தெரியவில்லை, என் வண்டியின் பானெட்டே தெரியவில்லை. இருந்த இடத்திலேயே பிரேக்கை மிதித்து நின்றேன்.

என்ன ஏது என்று பார்க்க அக்கா மகன் இடது பக்கக் கதவைத் திறந்து காலை இறக்கினான். காலுக்குக் கீழே தரை இல்லை. மழையில் ரோட்டோர மண் அரித்துப் போயிருந்த இடம் அது. சைடு மிர்ரர் கம்பியைப் பிடித்துத் தொங்கினான். அவன் "மாமா" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டான். நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியாது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, எட்டி அவன் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்தேன். அவனுக்குப் பத்தொன்பது வயது. நான் இந்த வேலைக்கு வந்த வருடம் பிறந்தவன். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

எதிரே வந்த பையனும் இறங்கி ஓடி வந்தான். முப்பது வயதுகூட இருக்காது. "அந்த லைட்ட அணைப்பா" என்று கத்தினேன். அவன் சொன்ன பதில்தான் இந்த மடலை எழுத வைத்தது. "டிம் அடிச்சாலும் அணையாதுண்ணே. கடையில ஹெட்லைட் ஒயரோட சேர்த்துக் குடுத்துட்டாங்க." கடைசியில் ஹெட்லைட்டையே முழுசாக அணைத்தான். இரண்டு வண்டியும் பார்க்கிங் லைட்டில், பனிக்குள், வளைவில் நின்றோம். அப்புறம் அவன் இன்னொன்றும் சொன்னான்: "எனக்கும் ஒன்னும் தெரியலண்ணே. முன்னாடி வெள்ளை வேட்டி கட்டித் தொங்க விட்ட மாதிரி இருந்துச்சு."

யோசித்துப் பாருங்கள். காசு கொடுத்து மாட்டியவனுக்கும் தெரியவில்லை. எதிரே வந்தவனுக்கும் தெரியவில்லை. அப்படியானால் அந்த லைட் அந்த மலையில் யாருக்காக எரிந்தது?

காரணம் உங்களுக்குத் தெரியாததில்லை. பனிமூட்டம் என்பது பொடிப்பொடியான நீர்த்துளிகள். கூரை உயரத்திலிருந்து, அதாவது ஓட்டுகிறவன் கண்ணுக்குச் சற்று மேலிருந்து விழும் வெளிச்சம் அந்தத் துளிகளில் பட்டு நேராக அவன் கண்ணுக்கே திரும்பி வரும். பனி விளக்கை பம்பருக்குக் கீழே, அகலமாகத் தரையோடு தரையாக வெளிச்சம் விழும்படி வைப்பது இதற்காகத்தான். கொண்டை ஊசி வளைவில் இன்னொரு கோளாறும் உண்டு. ரோடு ஒரு பக்கம் திரும்பும், பார் லைட் நேராகப் பள்ளத்து ஆகாயத்துக்கு அடிக்கும். திரும்பப் போகிற இடம் இருட்டாகவே இருக்கும்.

அதோடு லோடு வண்டியின் கணக்கே வேறு. சேலத்திலிருந்து அரிசி, சிமெண்ட் ஏற்றி வரும்போது பின்பட்டை, அதாவது பின் ஸ்பிரிங், இறங்கி முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். ஏற்றத்தில் இன்னும் தூக்கும். சமதரையில், காலி வண்டியில், உங்கள் கடை வாசலில் நீங்கள் பார்த்த கோணம் அங்கே செல்லாது. அந்த வெளிச்சம் நேராக இறங்கி வருகிறவன் நெற்றிக்குத்தான் வரும். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிறவன் வழிவிட வேண்டும் என்பது முறை. கண்ணே தெரியாதவன் எதைப் பார்த்து ஒதுங்குவான்?

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். மலைக்கு ஓடும் வண்டிக்குக் கூரை மேல் பார் லைட் மாட்டாதீர்கள்.

இது என் சொந்த ஆசை மட்டும் இல்லை, சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1989-ஆம் வருடத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 111-ஆம் விதி, பதிவு அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் வண்டியின் முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் வைக்கக் கூடாது என்கிறது. அந்த அனுமதியும் விதிவிலக்கான சூழ்நிலைக்கு மட்டும்தான். 106-ஆம் விதி இன்னும் தெளிவு. முன்விளக்கின் ஒளி, 8 மீட்டர் தூரத்தில் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யாதபடி கீழ்நோக்கி இருக்க வேண்டும், இல்லையென்றால் ஓட்டுகிறவன் அப்படி இறக்கிக்கொள்ள வழி இருக்க வேண்டும். 8 மீட்டர் என்பது இரண்டு பிக்கப் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் கடை முன்னால் ஒருவரை நிறுத்தியே இதைப் பார்த்துவிடலாம். இதையெல்லாம் மாட்டும்போது யாரும் எங்களிடம் சொல்வதில்லை. பிடித்தால் அபராதச் சீட்டு எங்கள் வண்டி நம்பருக்குத்தான் வருகிறது.

நானும் ஒரு காலத்தில் மாட்டியவன்தான். பழைய வண்டியில் 180 வாட் பார். 12 வோல்ட்டில் அது 15 ஆம்பியர் இழுக்கும். அவ்வளவு கரண்டை ஹெட்லைட் ஒயரில் விடாமல் தனி வழியில் விடும் ரிலேவை மாட்டியவர் வைக்கவில்லை, ஃபியூஸ் வைக்கவில்லை. ஹெட்லைட் ஒயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றிவிட்டார். ஒரு மாதம் கழித்து அடிவாரம் தாண்டி ஏறும்போது டேஷ்போர்டுக்குள் ரப்பர் கருகும் வாடை. நிறுத்திப் பார்த்தால் ஒயர் உருகி ஒட்டியிருந்தது. இரண்டு ஹெட்லைட்டும் போச்சு. செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் முன்னால் நடக்க, பின்னாலேயே வண்டியை உருட்டிக்கொண்டு திரும்பினேன். பேட்டரியிலிருந்து நேராக ஃபியூஸ், அப்புறம் ரிலே, தனி சுவிட்ச், நல்ல எர்த். இதற்கு ஆகும் கூடுதல் காசை நான் அன்றைக்கே கொடுத்திருப்பேன். கேட்கவே இல்லை.

பையன்கள் ஏன் மாட்டுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அந்த ரோட்டில் இரவில் ஓட்டிப் பார்த்தால் யாருக்கும் தெரியும். ஒரு மழைக்காலம் போனால் ஓரக்கோடு அழிந்துவிடுகிறது. வளைவில் வைத்த குவிகண்ணாடியில் பாசி படிந்திருக்கிறது. ரிஃப்ளெக்டர் ஒரு வளைவில் இருக்கும், அடுத்த வளைவில் கம்பி மட்டும் நிற்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்ததை எல்லாரும் பார்த்தோம். கோடை விழா வந்தால் மலையே பளபளக்கிறது. அது முடிந்ததும், வருடம் முழுக்க இதே வழியில் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு யார் விளக்குப் பிடிக்கிறார்கள்? நாகலூரிலும் மாரமங்கலத்திலும் கொட்டச்சேட்டிலும் பிரசவ வலி வந்தால் இரவென்ன பகலென்ன, இறங்கித்தானே ஆக வேண்டும்? இருட்டுக்குப் பயந்தவன் கையில் ஆயிரம், இரண்டாயிரத்தோடு உங்கள் கடைக்கு வருகிறான். நீங்கள் அவனுக்கு வெளிச்சம் என்று ஒன்றைக் கொடுத்து அனுப்புகிறீர்கள்.

சரி, ரோட்டைப் பற்றிக் கேட்க வேண்டிய இடம் வேறு. அதை அங்கே கேட்போம். உங்களிடம் கேட்க வந்ததை விட்டுவிட்டேன், மன்னிக்கவும்.

வண்டி உங்கள் வாசலில் நின்றதும் "எந்த ரோட்டுல ஓட்டுறீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஏற்காடு என்றால், கூரை மேல் மாட்ட மாட்டோம் என்று சொல்லிவிடுங்கள். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பச் சொல்லவில்லை. மஞ்சளித்துப்போன ஹெட்லைட் கண்ணாடியை பாலிஷ் போட்டுக் கொடுங்கள். துருப்பிடித்த எர்த்தைச் சுரண்டி இறுக்குங்கள். வழக்கமாக ஏற்றும் லோடோடு வரச் சொல்லி, சுவரைப் பார்த்து நிறுத்தி, டிம் வெளிச்சம் 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டராவது இறங்குகிறதா என்று பார்த்து ஸ்க்ரூவைத் திருகிக் கொடுங்கள். பனிக்கு வேண்டும் என்றால் பம்பருக்குக் கீழே முறையான பனி விளக்கு ஒரு ஜோடி, தனி சுவிட்சோடு. இதற்கெல்லாம் கூலி வாங்குங்கள், தாராளமாக வாங்குங்கள். பார் லைட் விற்றால் கிடைப்பதை விடக் குறைவாக இருக்கலாம். ஆனால் அந்த வண்டி திரும்பவும் உங்கள் கடைக்கு வரும்.

ஏற்கெனவே மாட்டிக் கொடுத்த வண்டிகளும் உங்களிடம்தான் வருகின்றன, ஹாரனுக்கோ பல்புக்கோ. வரும்போது அந்த ஒயரை மட்டுமாவது பிரித்துவிடுங்கள். டிம் அடித்தால் அணையாத லைட்டோடு எந்த வண்டியையும் மலைக்கு அனுப்ப வேண்டாம்.

அன்றைக்கு எதிரே வந்த பையன் மறுநாளே பாரைக் கழற்றிவிட்டான். என் நம்பரை வாங்கியிருந்தான், போன் பண்ணிச் சொன்னான். கழற்றியது ஏற்காட்டில் ஒரு மெக்கானிக். மாட்டிய கடைக்குப் போக அவனுக்குக் கூச்சம். எனக்குக் கூச்சம் இல்லை. அடுத்த வாரம் சரக்கு இறக்கிவிட்டு, என் வண்டியின் ஹெட்லைட் கோணம் பார்க்க உங்களில் ஒருவரிடம்தான் வருவேன். லோடு மூட்டை நாலைந்தை இறக்காமல் வைத்திருப்பேன். அப்போது இதைப் பற்றி உட்கார்ந்து பேசலாம். தயவுசெய்து அதுவரை மலைக்கு ஓடும் வண்டிக்குக் கூரை மேல் பார் லைட் மாட்டாதீர்கள்.

இப்படிக்கு,
ஏற்காட்டுப் பாதையில் பிக்கப் ஓட்டும் உங்கள் வாடிக்கையாளன்