பொட்டலத்தில் அதிமதுரம் இல்லை

செவ்வாய்ப்பேட்டை,
சேலம்.

அன்புள்ள குமாரசாமிக்கு,

உன் கடிதம் வந்தது. காபிக்காய் நன்றாகப் பிடித்திருக்கிறது, சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி சரம் விட்டிருக்கிறது என்று படித்ததில் சந்தோஷம். அடுத்த பாராவிலேயே ராத்திரியானால் நெஞ்சு கரிக்கிறது, படுத்தால் புளிச்ச தண்ணி தொண்டை வரை எதுக்களிக்கிறது, காலையில் குரல் கம்மிப்போகிறது என்று எழுதிவிட்டு, கீழே ஒரு பட்டியலும் போட்டிருந்தாய். சீரகம், சோம்பு, ஓமம், சுக்கு, அதிமதுரம், கடுக்காய், நெல்லிமுள்ளி, எல்லாம் கால் கால் கிலோ. நாட்டு மருந்துக் கடைக்காரன் சிநேகிதனாக இருப்பதில் இது ஒரு வசதிதான்.

பட்டியலில் பாதியைத்தான் அனுப்புகிறேன். மீதி ஏன் வரவில்லை என்று நீ கோபித்துக்கொள்வாய் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். “வியாபாரி பேசுகிற பேச்சாப்பா இது?” என்று என் மகன் கேட்டான். கடைக்கு வருகிறவர்களிடமும் இதைத்தான் சொல்கிறேன். பாதிப் பேர் தலையாட்டிவிட்டு அடுத்த கடையில் போய் வாங்கிக்கொள்கிறார்கள்.

உணவுக்குழாய் வந்து வயிற்றில் சேர்கிற இடத்தில் வட்டமாக ஒரு தசை இருக்கிறது. நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையின் வாய் மாதிரி அது. சாப்பாடு இறங்கும்போது திறந்து, இறங்கியதும் இறுக மூடிக்கொள்ள வேண்டும். உனக்கு அது வேண்டாத நேரத்தில் நெகிழ்ந்துவிடுகிறது. வயிற்றுக்குள் இருக்கிற வரைக்கும் அமிலத்தின் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சோற்றைச் செரிக்க வைக்கிறது, கிருமியைக் கொல்கிறது. வயிற்றின் உள்சுவர் அதைத் தாங்கும். குழாய்க்கு அந்தத் தெம்பு கிடையாது, அதனால்தான் மேலே ஏறினால் எரிகிறது. அப்படியிருக்க, எதைக் குடித்தால் அடங்கும் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் எப்படி? அந்த வாயை எது தளர்த்துகிறது, அமிலத்தை எது மேலே தள்ளுகிறது என்றல்லவா முதலில் பார்க்க வேண்டும்?

காபியிலிருந்து ஆரம்பிக்கிறேன், திட்டாதே. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை ஏற்காட்டுக்குக் காபிச் செடியைக் கொண்டுவந்தபோதே உன் நெஞ்செரிச்சலுக்கும் சேர்த்து விதை போட்டுவிட்டார். ஐயாயிரம் அடி உயரத்தில், பனி மூடிய காலையில், சொந்தத் தோட்டத்துக் கொட்டையை வறுத்து அரைத்துக் குடிக்கிறவனிடம் காபியை விடு என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர், தோட்டம் சுற்றி வந்ததும் ஒன்று, ஆள் யார் வந்தாலும் அவர்களோடு ஒன்று, ராத்திரி சாப்பிட்டபின் குளிருக்கு ஒன்று என்று போனால் எந்தத் தசைதான் இறுகி நிற்கும்? பலருக்குக் காபி அந்த வாயைத் தளர்த்துகிறது, அமிலத்தையும் கூடச் சுரக்க வைக்கிறது. ராத்திரிக் காபியை முதலில் நிறுத்து. காலைக் காபியை இட்லிக்கு அப்புறம் வைத்துக்கொள். மத்தியில் இருப்பதை நீயே பார்த்துக் குறை. வெற்றிலையோடு புகையிலை போடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறதா? அதுவும் தளர்த்துகிற வேலையைத்தான் செய்கிறது. இதில் பேரம் பேச ஒன்றுமில்லை, விட்டுவிடு.

எண்ணெயும் கொழுப்பும் இன்னொரு கூட்டாளி. கொழுப்பு அதிகமானால் வயிறு காலியாக நேரமாகும், அந்த வாயும் நெகிழும். ஆடி ஒன்றாம் தேதி நம் வழக்கப்படி வாசலில் தேங்காய் சுட்டோம். தேங்காய்க் கண்ணைத் துளைத்து, பாசிப்பருப்பு, வெல்லம், எள், பொட்டுக்கடலை போட்டு, அழிஞ்சில் குச்சியில் செருகி, பேரப்பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து சுட்டார்கள். வெந்த தேங்காயின் வாசனையில் யாருக்குத்தான் கை நிற்கும்? அப்படி ஒரு நாள் தின்பதில் தப்பில்லை. தின்றுவிட்டு உடனே பாயை விரித்தால்தான் ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டி வரும். நீ சேலம் வரும்போதெல்லாம் தேடிப் போகிற தட்டுவடை செட்டுக்கும் அதே கணக்குதான். பொரித்த தட்டு, மேலே பச்சை வெங்காயம், காரச் சட்னி. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தின்றால் ஒரு மாதிரி, ராத்திரி பத்து மணிக்குத் தின்றால் வேறு மாதிரி. காரம் மட்டும் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒத்துக்கொள்ளாமல் போவதில்லை. உனக்கு எது சேரவில்லை என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வா. ஊரார் சொல்லும் பத்தியத்தைவிட அந்த நோட்டு உதவும்.

இனி காசு செலவில்லாத வைத்தியம். கடையில் என்னிடம் இருக்கிற எந்தச் சூரணத்தையும்விட நான் இதைத்தான் நம்புகிறேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் மூன்று மணி நேரம் இருக்கட்டும். மலையில் ஏழு மணிக்கே இருட்டும் குளிரும் வந்துவிடும், அப்போதே சாப்பிட்டு முடிக்க உனக்கென்ன கஷ்டம்? அரை வயிறு போதும். இரண்டாவது, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கலோ மரக்கட்டையோ வைத்து அரை அடி, முக்கால் அடி உயர்த்து. தங்கச்சியிடம் கேட்டு இன்னும் இரண்டு தலையணை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதே. தலையணை கழுத்தை மட்டும் தூக்கும், வயிறு மடங்கி அமுங்கும், எதுக்களிப்பு கூடத்தான் செய்யும். இடுப்பிலிருந்து தலை வரை ஒரே சரிவாக உடம்பு ஏற வேண்டும். மூன்றாவது, இடப்பக்கம் ஒருக்களித்துப் படு. அப்போது வயிற்றின் வாய் மேலேயும் உள்ளே இருக்கிற அமிலம் கீழேயும் இருக்கும். வலப்பக்கம் படுத்தால் நேர்மாறு. வேட்டிக்கு மேல் நீ இறுக்கிப் போடுகிற பச்சை பெல்ட் தோட்ட வேலைக்கு வேண்டுமானால் இருக்கட்டும், சாப்பிட உட்காரும்போது கழற்றி வை. தொப்பையைப் பற்றி நானும் நீயும் பேசாமல் இருப்பது நல்லது என்றாலும் ஒரு வார்த்தை: எடை குறைந்தால் எதுக்களிப்பும் குறையும்.

சரி, பொட்டலத்துக்கு வருவோம்.

சீரகம் வைத்திருக்கிறேன். ஒரு டம்ளர் தண்ணீரில் அரை ஸ்பூன் போட்டுக் கொதிக்க வைத்து, வெதுவெதுப்பாகக் குடி. அது அமிலத்தை அடக்கிவிடும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். சாப்பிட்டபின் வரும் உப்புசம் கொஞ்சம் இறங்கும், அதோடு ராத்திரிக் காபியின் இடத்தில் சூடாக ஏதோ ஒன்று டம்ளரில் இருக்கும். எனக்கு அந்த இரண்டாவது லாபம்தான் பெரிதாகப் படுகிறது. சோம்பும் உண்டு. சாப்பிட்டு முடித்ததும் ஒரு சிட்டிகை வாயில் போட்டு மெதுவாக மென்றுகொண்டிரு. மெல்ல மெல்ல எச்சில் ஊறும். எச்சிலில் அமிலத்தை முறிக்கிற காரத்தன்மை இருக்கிறது, அது குழாயில் தங்கியதைக் கழுவிக் கீழே இறக்கும். சுக்கு கொஞ்சம்தான் வைத்திருக்கிறேன், தெரிந்துதான். அளவாகப் போட்டால் வயிறு சீக்கிரம் காலியாக உதவும், அளவு மீறினால் அதுவே எரியும். மணத்தக்காளி வற்றலும் ஒரு பொட்டலம். எண்ணெயில் பொரித்துத் தின்னத்தானே ஆசைப்படுவாய்? குழம்பில் போடச் சொல். கீரையே அங்கே கிடைத்தால் இன்னும் நல்லது, பாசிப்பருப்போடு கூட்டு வைக்கலாம்.

ஜவ்வரிசி நீ கேட்கவில்லை, நானாகப் போட்டிருக்கிறேன். நம் ஊர் மரவள்ளிக்கிழங்கு மாவில் செய்தது, கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து, கொழுப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. வயிறு சரியில்லாத ராத்திரியில் தண்ணியாகக் கஞ்சி வைத்து, கடைசியில் நீர்மோரும் உப்பும் கலந்து குடித்தால் போதும். பாயசமாக்கிவிடாதே. மோர் என்றால் வெண்ணெய் எடுத்த மோர், தயிரில் ஒரு கை தண்ணீர் தெளித்தது இல்லை.

இனி வராதவை. அதிமதுரம் இல்லை. தொண்டைக்கு இதமாக இருக்கும், வாஸ்தவம்தான், எனக்கும் அதில்தான் நல்ல லாபம். ஆனால் நீ பிரஷர் மாத்திரை போடுகிறவன். அதிமதுரத்தைத் தினமும் தின்றால் ரத்த அழுத்தம் ஏறும், உடம்பில் பொட்டாசியம் குறையும். இயற்கை மருந்து என்றால் கெடுதலே இல்லை என்று கடைக்கு வந்து சொல்கிறவர்களிடம் நான் முதலில் எடுத்துக் காட்டுவது இந்த வேரைத்தான். கடுக்காய் மலத்தை இளக்கும் சரக்கு, உனக்கு அந்தத் தொந்தரவு இல்லை. நெல்லிமுள்ளியின் புளிப்பு எரிகிற நெஞ்சுக்கு வேண்டாம். ஓமம் காரம், அதுவும் இப்போது வேண்டாம்.

உன் வீட்டில் இருப்பதிலும் இரண்டு விஷயம். தங்கச்சி ஆப்பசோடாவைத் தண்ணீரில் கலந்து தருகிறாள் என்று எழுதியிருந்தாய். அது அமிலத்தை உடனே முறிக்கும், ஒப்புக்கொள்கிறேன். முறிக்கும்போது வாயு கிளம்பி வயிற்றை உப்ப வைக்கும், அதிலுள்ள சோடியம் பிரஷர்காரனுக்கு ஆகாது. குளிர்ந்த பாலும் அப்படித்தான், குடித்த நிமிஷம் சுகம், கொஞ்ச நேரத்தில் வயிறு இன்னும் அமிலம் சுரக்கும். புதினா போட்ட டீ வேறு குடிக்கிறாயாம். அந்த வகைச் செடிகளில் பெப்பர்மின்ட் எண்ணெய் குழாயின் வாய்த்தசையைத் தளர்த்தக்கூடியது. குளிர்ச்சியாக இருக்கிறதே என்று குடிக்கிறோம், அது கதவைத் திறந்துவிடுகிறது.

பிரஷர் மாத்திரையைச் சொல்லும்போது இன்னொன்று. அதில் சில வகைகள் இந்த எதுக்களிப்பைக் கூட்டும். நீயாக நிறுத்திவிடாதே, டாக்டரிடம் பெயரைக் காட்டிக் கேள். முழங்கால் வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுகிறாயே, டைக்ளோபெனாக்கோ என்னவோ, அதையும் சொல். வயிற்றின் உள்சுவரைப் புண்ணாக்குவதில் அது பேர்போனது. நம் பக்கம் வயிற்றில் எது எரிந்தாலும் அல்சர் என்று சொல்லிவிடுவோம். உண்மையான வயிற்றுப் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் இந்த வலி மாத்திரைகளோ, இல்லையென்றால் ஹெலிகோபாக்டர் பைலோரி என்கிற ஒரு கிருமியோதான். கவலையும் மிளகாயும்தான் காரணம் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், பாரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் 1984-ல் அந்தக் கிருமியைக் கலக்கித் தானே குடித்து, வயிற்றைக் கெடுத்துக்கொண்டு காட்டினார். 2005-ல் அவருக்கும், அவரோடு சேர்ந்து அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தக் கிருமிக்கு என் கடையில் மருந்து கிடையாது. பரிசோதனை செய்து டாக்டர் தருகிற ஆன்டிபயாட்டிக்தான்.

போன வருஷம் கடைக்கு ஒருவர் வந்தார். நெஞ்சு அடைக்கிறது, வாயுப் பிடிப்பு, ஓமத்திரவம் கொடுங்கள் என்றார். முகமெல்லாம் வியர்வை, இடக்கையைத் தேய்த்துக்கொண்டே நின்றார். நான் பாட்டிலை எடுக்கவில்லை, ஆட்டோவைக் கூப்பிட்டுப் பையனையும் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மாரடைப்பு. பிழைத்துவிட்டார், இப்போதும் அந்த வழியாகப் போனால் கை தூக்குவார். இதை உனக்கு எழுதக் காரணம், நீ ஊரிலிருந்து தள்ளி இருக்கிறாய். மேடு ஏறும்போது நெஞ்சு இறுகினாலோ, வலி தாடைக்கோ கைக்கோ பரவினாலோ, வியர்த்து மூச்சு வாங்கினாலோ சீரகத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டு உட்காராதே. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், வண்டியை உடனே எடுக்கச் சொல். சோறு விழுங்கும்போது சிக்கினாலும், மலம் தார் நிறத்தில் போனாலும், ரத்தமாக வாந்தி வந்தாலும், காரணமில்லாமல் எடை இறங்கினாலும் அதே பேச்சுதான்.

இதெல்லாம் இல்லாவிட்டாலும் ஒரு தடவை டாக்டரைப் பார். நீ சொல்கிற அளவு தொந்தரவுக்கு நான் எழுதியது மட்டும் போதாமல் போகலாம். அமிலச் சுரப்பைக் குறைக்கிற மாத்திரை, பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல் என்று ஏதாவது கொடுப்பார்கள். அதைக் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும். நம் ஆட்கள் எரிகிறபோது சாப்பாட்டுக்கு மேலே போட்டுவிட்டுக் கேட்கவில்லை என்கிறார்கள். எத்தனை நாளைக்கு என்று கேட்டு வாங்கிக்கொள். மாதக்கணக்கில் போட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிட வேகமாகச் சுரக்கும், அவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறை.

நம் வீட்டுச் சேதி ஒன்றும் பெரிதாக இல்லை. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாக் கூட்டத்தில் கடை வீதி நடக்க இடமில்லாமல் கிடக்கிறது. வியாபாரம் உண்டு, தூக்கம்தான் இல்லை. மருமகள் வெள்ளிப் பட்டறைக் கணக்கு எழுதுகிற வேலைக்குப் போகிறாள், என் மகனைவிட நன்றாகச் சம்பாதிக்கிறாள், அவனுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் கொஞ்சம் குறுகுறுப்பும். மூத்த பேரனுக்கு ஆவணியில் காது குத்து வைத்திருக்கிறோம். நாள் குறித்ததும் எழுதுகிறேன், தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு முதல் நாளே வந்து தங்கு. பந்தி மத்தியானம்தான், ராத்திரிக்கு உனக்கு இட்லி.

பார்சலை நாளை காலை ஏற்காடு பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன். பஸ் ஸ்டாண்டில் ஆள் நிறுத்து.

அன்புடன்,
ராஜமாணிக்கம்