கடிதம் நின்றுபோன ஆண்டுகளின் பெண்களுக்காக

சேலம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், சேலம் அரசு அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் நம் பகுதிப் பெண்கள் பட்ட பாட்டைப் பதிவு செய்யுங்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன். சேலத்தில் குண்டா விழுந்தது, இங்கே ஏது போர் என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. அவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

மலேயாவின் (இன்றைய மலேசியா) ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் திரட்டிய மாவட்டங்களில் திருச்சி, தஞ்சை, ஆற்காட்டோடு சேலமும் ஒன்று. தருமபுரி, நாமக்கல், கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்திருந்த பழைய சேலம் அது. மழை பொய்த்த ஊர்களிலிருந்து நாகப்பட்டினம் போய்க் கப்பலேறினார்கள். கூலிக்கு ஆள் அனுப்புவதை 1938இல் இந்திய அரசு தடுத்தபோது, புருஷன் அங்கேயும் பெண்டாட்டி இங்கேயுமாகப் பல குடும்பங்கள் பிரிந்து கிடந்தன. மணியார்டரும் கடிதமும் மட்டும் வந்துகொண்டிருந்தன. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. பிறகு அவையும் வரவில்லை. மூன்றரை ஆண்டுகள்!

என் அம்மாயியின் (அம்மாவைப் பெற்றவரின்) அக்கா அப்படிக் காத்திருந்தவர். புருஷன் செத்துவிட்டார் என்று சொல்லவும் ஆளில்லை, இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை. கல்யாணச் சீரில் அவரை முன்னால் நிறுத்துவதா, ஒதுக்கி உட்கார வைப்பதா என்று சொந்தபந்தத்துக்கே தெரியவில்லை. பூ வைத்தால் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் ஒரு பேச்சு. குழந்தைகளுக்குக் கம்பங்கூழுக்கு வழி பண்ணிக்கொண்டே இந்தப் பேச்சையும் தாங்கினார். போர் முடிந்து ரஜூலா கப்பலில் திரும்பி வந்த ஊர்க்காரர் ஒருவர், "அவனை ரயில் ரோடு போடப் புடிச்சுட்டுப் போனாங்க, அப்புறம் பாக்கல" என்றாராம். அதற்குப் பிறகுதான் தாலியைக் கழற்றினார். இறந்த நாள் தெரியாததால் திதிகூட ஆடி அமாவாசைக்குத்தான்.

அந்த ரயில் பாதை சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்க ஜப்பானிய ராணுவம் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. 1943 அக்டோபரில் முடிந்தது. நல்ல கூலி என்று ஆசை காட்டியும் வலுக்கட்டாயமாகப் பிடித்தும் மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோனார்கள். பெண்களும் குழந்தைகளும்கூடக் காட்டு முகாம்களில் இருந்தார்கள். காலரா ஊரையே வாரிக்கொண்டு போவதுபோல முகாம்களை வாரியது. அங்கே மாண்ட ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 90,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க் கைதிகளின் கல்லறைகள் 7,000 அளவுக்கு வரிசை வரிசையாக இருக்கின்றன, பெரும்பாலானவற்றில் பெயர் பொறித்திருக்கிறது. நம் ஆட்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல்லறை வரிசை இல்லை. செத்தவருக்கே பெயரில்லாதபோது, தோட்டத்து லயத்தில் (கூலிகளின் வரிசை வீடுகளில்) மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு, சேலைக்குத் துணியில்லாமல் சாக்கைச் சுற்றிக்கொண்டு பிள்ளைகளைக் காப்பாற்றிய பெண்களை யார் எழுதி வைத்திருக்கப் போகிறார்கள்?

துப்பாக்கி ஏந்திய பெண்களும் இருந்தார்கள். 1943 அக்டோபரில் சிங்கப்பூரில், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென இருந்த ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. கேப்டன் லட்சுமியை நமக்குத் தெரியும். கோலாலம்பூரில் பிறந்த ஜானகி தேவரைச் சிலருக்குத் தெரியும். அத்தோடு நிறுத்திவிடுகிறோம், எனக்கு அதில்தான் வருத்தம். படையில் சேர்ந்தவர்களில் பலர் பால்மரம் சீவியவர்களின் மகள்கள். இந்தியாவைக் கண்ணால் பார்க்காதவர்கள் இந்தியாவுக்காகப் பயிற்சி எடுத்தார்கள், பர்மாவில் காயம்பட்டவர்களைக் கவனித்தார்கள், 1945இல் ரங்கூனிலிருந்து பின்வாங்கியபோது விமானத் தாக்குதலுக்குப் பயந்து இரவில் நடந்தார்கள். அவர்களில் எத்தனை பேருடைய பூர்வீகம் ஓமலூரோ ஆத்தூரோ ராசிபுரமோ? நாம் கேட்டதே இல்லை.

நம் ஜவ்வரிசித் தொழிலும் அந்தப் போரில்தான் தலையெடுத்தது. மலேயாப் பக்கமிருந்து ஜவ்வரிசி வருவது நின்றதும் சேலத்தில் மரவள்ளியிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். பஞ்சத்தில் கிழங்கு வயிற்றுக்கே வேண்டும் என்று 1944இல் அன்றைய சேலம் ஆட்சியர் தொழிலுக்குக் கட்டுப்பாடு விதிக்கும் அளவுக்கு நிலைமை இருந்தது. முதலாளிகளின் பெயர்கள் தொழில் வரலாற்றில் இருக்கின்றன. உட்கார்ந்து கிழங்குத் தோல் சீவிய பெண்களின் பெயர்களையும் தேடலாம்.

சிலை கேட்கவில்லை ஐயா. அருங்காட்சியகத்தில் ஓர் அறை கேட்கிறேன். அதற்கு முன்னால் அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தைக் கண்ட பெண்கள் இன்று தொண்ணூறைத் தாண்டியவர்கள். அடுத்த கிராம சபையில் அறிவியுங்கள்: மலேயாக் கடிதம், மணியார்டர் ரசீது, பழைய பாஸ்போர்ட், படம் எது இருந்தாலும் கொண்டு வரச் சொல்லுங்கள். வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம், ஸ்கேன் செய்துவிட்டு அப்போதே திருப்பிக் கொடுங்கள். இல்லாவிட்டால் யாரும் பெட்டியைத் திறக்க மாட்டார்கள். பெரியார் பல்கலைக்கழக வரலாற்று மாணவர்களை வீட்டுக்கு அனுப்பிக் குரலைப் பதிவு செய்யுங்கள். மாணவிகள் போனால் நல்லது. பேத்தி வயதுப் பெண்ணிடம்தான் சில விஷயங்களைச் சொல்வார்கள். நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆட்சியர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் மாவட்டத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களிலும் போரைக் கடந்து வந்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் விரும்பினால், அவர்கள் சொல்லும் நிபந்தனைப்படி, பெயர் மறைத்தாவது அவர்கள் பேச்சையும் பதிவு செய்யுங்கள். அதற்கும் எண்பது ஆண்டு காத்திருக்க வேண்டாம்.

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் 1941ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று இருக்கிறது. "கார்த்திகைக்குள் பணம் அனுப்புகிறேன்" என்று அம்மாயியின் அக்கா புருஷன் எழுதியிருக்கிறார். எந்த அலுவலகத்தில் யாரிடம் காட்ட வேண்டும் என்று தெரிவித்தால் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓமலூர் வட்டத்துப் பெண் ஒருத்தி